இரண்டு இருக்கையிலிருந்து ஆட்சிக்கு: கனடாவின் பழமைவாதிகள் தேர்தல் வென்ற விதம், படிப்படியாக

1993 ஒக்டோபர் 25 இரவு கனடாவில் வாக்கு எண்ணி முடிந்தபோது, ஒன்பது வருடம் நாட்டை ஆண்ட முற்போக்குக் கொன்சவேட்டிவ் கட்சிக்கு மிஞ்சியது இரண்டே இருக்கை. ஷெர்புரூக்கில் ஜோன் ஷரே, செயின்ற் ஜோனில் எல்சி வேய்ன். கட்சியின் நாடாளுமன்றக் குழு முழுவதும் ஒரே மோட்டார் சைக்கிளில் கூட்டத்துக்குப் போய்வரலாம். அதற்கு முந்தைய தேர்தலில் அவர்கள் வென்றது 169.

பன்னிரண்டு வருடம் கழித்து, 2006 ஜனவரியில், கொன்சவேட்டிவ் என்ற இந்தப் பழமைவாதிகள் 124 இருக்கையோடு ஆட்சிக்கு வந்தார்கள். 2011இல் 166 இருக்கையோடு அறுதிப் பெரும்பான்மை. இடையில் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இங்கே பிரித்து எழுதுகிறேன். எனக்கும் அந்தக் கட்சிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர்களுடைய பல முடிவுகள் எனக்குப் பிடிக்காதவை. ஆனால் தேர்தல் வேலையில் கொஞ்சமாவது ஈடுபட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு தெளிவான பாடம் வேறெங்கும் இலகுவில் கிடைக்காது. அவர்கள் முதலில் தோற்கடிக்க வேண்டியிருந்தது போட்டிக் கட்சியான லிபரல்களை அல்ல, தங்கள் வீட்டுச் சண்டையை. கதை முழுக்க அந்தச் சண்டை வந்து வந்து போகும்.

படி 1: எங்கே ஒழுகுகிறது என்று கணக்குப் பாருங்கள்

கனடாவில் ஒரு தொகுதியில் மற்றவர்களைவிட ஒரு வாக்குக் கூட எடுத்தாலும் வெற்றிதான். பாதி வாக்குத் தேவையில்லை. இந்த முறையில் எத்தனை பேர் உங்களுக்கு வாக்களித்தார்கள் என்பதைவிட, அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதே பெரிது.

1987இல் பிரஸ்டன் மனிங் மேற்கு மாகாணங்களின் மனக்குறையை மூலதனமாக வைத்து ரிஃபோர்ம் கட்சியைத் தொடங்கினார். மத்திய அரசு இருக்கும் ஒட்டாவா தங்களைக் கணக்கெடுப்பதில்லை என்பது அல்பேர்ட்டாக்காரரின் நெடுநாள் ஆதங்கம். 1993இல் ரிஃபோர்மின் வாக்கு 18.7 வீதம், இருக்கை 52. பழைய கொன்சவேட்டிவ் கட்சியின் வாக்கு 16 வீதம், இருக்கை 2. வாக்கில் மூன்று வீதம் கூட இல்லாத வித்தியாசம், இருக்கையில் ஐம்பது. ஒரே வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீருக்கும் ஊர் முழுக்கத் தெளித்த தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு அது.

ஆனால் மேற்கை மட்டும் வைத்து ஆட்சி பிடிக்க முடியாது. ஒன்ராறியோ வேண்டும். அங்கே லிபரல் கட்சி 1993இல் 99 தொகுதியில் 98ஐயும், 1997இல் 103இல் 101ஐயும், 2000இல் 103இல் 100ஐயும் அள்ளிக்கொண்டு போனது. அவர்களுக்குக் கிடைத்த வாக்கு ஏறக்குறைய பாதிதான். மீதிப் பாதியைப் பல கட்சிகள் பிய்த்துக்கொண்டன, அதில் இரண்டு ஒரே குடும்பம்.

செய்ய வேண்டிய வேலை இதுதான். கடைசி மூன்று தேர்தலின் தொகுதி முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். வென்றவருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி ஒரு பத்தியில், உங்கள் பங்காளிக் கட்சி எடுத்த வாக்கு அடுத்த பத்தியில். இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும் தொகுதிகளைச் சிவப்பால் வட்டமிடுங்கள். சிவப்பு வட்டம் நிறைய வந்தால் மேடைப் பேச்சை ஒத்திவைத்துவிட்டுப் பங்காளி வீட்டுக்குப் போங்கள்.

படி 2: பங்காளியோடு சேருங்கள், ஆனால் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு அல்ல

முதல் முயற்சி சிரிப்பாய்ச் சிரித்தது. 2000இல் ரிஃபோர்மைக் கலைத்துப் புதுக் கட்சி தொடங்கியபோது, கனடிய கொன்சவேட்டிவ் ரிஃபோர்ம் அலையன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் 'பார்ட்டி' என்ற சொல்லையும் சேர்த்து ஆங்கில முதலெழுத்துகளை வாசித்தால் 'க்ராப்' என்ற ஒலி வரும். ஆங்கிலத்தில் அது மலத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல். அவசர அவசரமாகப் பெயரைத் திருத்தினார்கள். பெயரைவிடப் பெரிய சிக்கல், பழைய கொன்சவேட்டிவ் கட்சி வெளியிலேயே நின்றது. அந்த வருடத் தேர்தலில் அலையன்சுக்கு 66 இருக்கை கிடைத்தது, ஒன்ராறியோவில் இரண்டுதான். பழைய கடை, புதுப் பலகை.

உண்மையான இணைப்பு 2003இல் நடந்தது. அலையன்ஸ் தலைவர் ஸ்டீவன் ஹார்ப்பர். மறுபக்கம் பீற்றர் மக்கே. மக்கே தன் கட்சித் தலைவராக வருவதற்கே, அலையன்ஸோடு இணையமாட்டேன் என்று போட்டியாளர் டேவிட் ஓர்ச்சர்டுக்கு எழுதிக் கொடுத்தவர். மே மாதம் எழுதிக் கொடுத்தார், ஒக்டோபரில் இணைப்பை அறிவித்தார். அந்தக் கையெழுத்தின் கறை அவரை விட்டுப் போகவேயில்லை. முன்னாள் பிரதமர் ஜோ கிளார்க் புதுக் கட்சியில் சேர மறுத்துவிட்டார். குடும்பம் ஒன்று சேரும்போது ஒரு பெரியப்பா கோபித்துக்கொண்டு போவார். அதைத் தாங்கத்தான் வேண்டும்.

பேச்சுவார்த்தையைத் தலைவர்கள் நேரடியாக நடத்தாமல், இரு பக்கமும் மூன்று மூன்று பெரியவர்களை அனுப்பினார்கள். முன்னாள் ஒன்ராறியோ முதல்வர் பில் டேவிஸ், துணைப் பிரதமராக இருந்த டொன் மசன்கோவ்ஸ்கி போன்ற பழந்தலைகள். தனக்கு இனிப் பதவி வேண்டாதவர் பேசினால்தான் இப்படியான பேச்சு முடியும்.

கவனமாகப் பார்க்க வேண்டியது தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விதியை. அலையன்ஸிடம் உறுப்பினர்கள் மிக அதிகம். ஆளுக்கொரு வாக்கு என்றால் மேற்குக்காரர் பழைய கட்சியை விழுங்கிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு தொகுதிக்கும் சமமாக 100 புள்ளி என்று வைத்தார்கள். ஒரு அல்பேர்ட்டாத் தொகுதியில் 2,000 உறுப்பினர், ஒரு கியூபெக் தொகுதியில் 50 உறுப்பினர் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விதிப்படி இரண்டுக்கும் 100 புள்ளிதான். வேட்பாளர்கள் எடுத்த விகிதப்படி அது பிரிக்கப்படும். இதன் விளைவு, தலைவராக வர விரும்புகிறவர் தன் கட்சி பலவீனமாக இருக்கும் ஊர்களுக்கெல்லாம் போய் அலைந்தே ஆக வேண்டும். பொதுத் தேர்தலுக்கு வேண்டிய பயிற்சியைக் கட்சித் தேர்தலே கொடுத்துவிடுகிறது. என்னைக் கேட்டால், முழு ஒப்பந்தத்திலும் மூளை அந்த ஒரு விதியில்தான் இருந்தது. டிசெம்பரில் இரு கட்சி உறுப்பினரும் 90 வீதத்துக்கு மேல் ஆதரித்து இணைப்பை நிறைவேற்றினார்கள். 2004 மார்ச்சில் ஹார்ப்பர் முதல் சுற்றிலேயே தலைவரானார்.

படி 3: கூட்டிப் பார்த்துக் குதூகலிக்காதீர்கள்

2000இல் இரு கட்சியின் வாக்கையும் கூட்டினால் 37.7 வீதம். 2004 ஜூனில் இணைந்த கட்சிக்குக் கிடைத்தது 29.6 வீதம். எட்டு வீதம் எங்கே போனது? பழைய கொன்சவேட்டிவ் ஆதரவாளர் பலருக்கு லிபரலைவிட அலையன்ஸ்காரர்மீதுதான் பயம். கட்சிகள் கைகொடுத்ததும் வாக்காளர்களும் கூடவே வந்துவிடுவார்கள் என்று நினைப்பது, இரண்டு கடையைச் சேர்த்துவிட்டால் வாடிக்கையாளரும் இரட்டிப்பார்கள் என்று நினைப்பது மாதிரி. இருந்தும் 99 இருக்கை கிடைத்தது, லிபரல்கள் சிறுபான்மை அரசாகிப் போனார்கள்.

அந்தத் தேர்தலின் கடைசி இரண்டு வாரம், வாயால் கெட்ட கதை. பிரதமர் போல் மார்ட்டின் சிறுவர் ஆபாசத்தை ஆதரிக்கிறாரா என்று கேட்கும் தலைப்போடு கட்சி அலுவலகத்திலிருந்தே ஓர் ஊடக அறிக்கை போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கட்சி எம்.பி. ஒருவர் நீதிமன்றங்களைத் தூக்கியெறிந்து பேசிய காணொளி வெளிவந்தது. இவர்கள் உள்ளுக்குள் எதையோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று லிபரல்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இவர்களே சாட்சி கொடுத்தார்கள்.

அடுத்த தேர்தலுக்குள் இதைச் சரிசெய்தார்கள். பேச்சு மையத்திலிருந்து வரும், தொகுதி வேட்பாளர் கழிவுநீர்க் குழாயைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் பேசலாம், மற்றதுக்கு வாய்திறக்கக் கூடாது. ஜனநாயகக் கண்ணோடு பார்த்தால் இது அழகான காட்சியில்லை. ஆனால் வேலை செய்தது.

படி 4: சுட்டுப்போட்டாலும் வெல்ல முடியாத சண்டைகளை முன்னரே மூடுங்கள்

2005 மார்ச்சில் மொன்றியலில் கட்சி மாநாடு. கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டத்தையும் கொன்சவேட்டிவ் அரசு ஆதரிக்காது என்ற தீர்மானம் நிறைவேறியது. மதப்பற்றுள்ள தொண்டர்களுக்கு அது கசப்பு மருந்து. ஒருபாலினத் திருமண விவகாரத்தை வேறுவிதமாகக் கையாண்டார்கள். தேர்தல் பிரசாரம் தொடங்கிய முதல் நாளே, இதை நாடாளுமன்றத்தில் கட்சிக் கட்டளை இல்லாத சுயவிருப்ப வாக்கெடுப்புக்கு விடுவேன் என்று ஹார்ப்பர் சொல்லிவிட்டார். எட்டு வாரப் பிரசாரத்தில் முதல் நாள் வந்த செய்தி கடைசி நாள் யாருக்கு நினைவிருக்கும்? சொன்னபடி 2006 டிசெம்பரில் வாக்கெடுப்பு வைத்தார், தோற்றார், கோப்பை மூடினார்.

படி 5: யாருக்காக உழைக்கக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

2006 தேர்தலுக்குக் கட்சியின் உத்தியாளர் பற்றிக் முட்டார்ட் செய்த வேலை இன்றும் பேசப்படுகிறது. வாக்காளர் கூட்டங்களுக்குப் பெயரும் முகமும் கொடுத்தார். 'ஸோயி' நகரத்து அடுக்குமாடியில் வசிக்கும், சமூகவியல் படித்த, யோகா செய்யும் இளம் பெண். அவளை விட்டுவிடுங்கள், என்ன செய்தாலும் வரமாட்டாள். 'டூகி' கடையில் வேலை செய்யும் இளைஞன். நம் பக்கம் சாய்வான், ஆனால் வாக்குச்சாவடிக்கு வருவானோ தெரியாது. 'ஸ்டீவும் ஹெதரும்' பிள்ளைகளோடு புறநகரில் வசிக்கும், சொந்தமாகச் சிறு தொழில் செய்யும் தம்பதி. பிரசாரத்தின் ஒவ்வொரு வாக்குறுதியும் எழுதப்பட்டது இவர்களைப் போன்றவர்களின் சமையலறை மேசையை மனதில் வைத்துத்தான்.

தொண்டர்களுக்கு இந்தப் படி மிகக் கடினம். கதவு தட்டப் போகிறவனுக்கு எதிர்வாதம் செய்து ஒருவரை மாற்றிவிட வேண்டும் என்ற ஆசை இருக்கும். ஸோயியின் வாசலில் அரைமணி நேரம் வாதாடுகிறவன், அந்த அரைமணியில் பத்து ஸ்டீவ்களை இழக்கிறான்.

படி 6: கையில் பிடிக்கக்கூடிய வாக்குறுதி கொடுங்கள்

அரசு விளம்பரப் பணத்தில் நடந்த ஸ்பொன்சர்ஷிப் ஊழலின் விசாரணையில் லிபரல்கள் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். 2005 நவம்பரில் அரசு கவிழ்ந்தது, தேர்தல் ஜனவரி 23. நத்தாருக்கு முன் யார் அரசியல் கேட்கப் போகிறார்கள் என்று லிபரல்கள் ஆறுதலாக இருந்தார்கள். ஹார்ப்பர் அந்த வெற்று வாரங்களில் நாளுக்கொரு அறிவிப்பாக வெளியிட்டார். செய்தியாளர்களுக்கு எழுத வேறொன்றும் இருக்கவில்லை.

முதல் பெரிய அறிவிப்பு, பொருளுக்கும் சேவைக்கும் கட்டும் ஜீ.எஸ்.ரீ. வரியை 7 வீதத்திலிருந்து 6 ஆகவும் பிறகு 5 ஆகவும் குறைப்பது. வருமான வரியைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று பொருளியலாளர் பலர் தலையிலடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் வருமான வரிக் குறைப்பைக் காணப் படிவம் நிரப்ப வேண்டும். ஜீ.எஸ்.ரீ. கடை ரசீதின் அடியில் தனியாக அச்சடித்து வந்தது. 100 டொலருக்குத் தளபாடம் வாங்கினால் 7 என்று இருந்த இடத்தில் 5 என்று இருக்கும். கட்சிக்கு ஒரு சதச் செலவில்லாமல் நாடு முழுக்கத் துண்டுப்பிரசுரம்.

இரண்டாவது, ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மாதம் 100 டொலர். லிபரல்களிடம் இருந்தது குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கான பெரிய திட்டம். தொலைக்காட்சியில் பேசிய பிரதமரின் ஊடகத்துறை இயக்குநர், பெற்றோர் அந்தக் காசைப் பியருக்கும் பொப்கோர்னுக்கும் செலவழித்துவிடுவார்கள் என்று வாய்தவறினார். நாடெங்கும் உள்ள ஹெதர்களை ஒரே வாக்கியத்தில் அவமானப்படுத்திய பேச்சு அது. ஹார்ப்பர் மேலே ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மொத்தத்தில் ஐந்து முன்னுரிமை என்று சுருக்கினார்கள்: அரசின் பொறுப்புக்கூறல், ஜீ.எஸ்.ரீ., குற்றத்தடுப்பு, குழந்தைப் பணம், மருத்துவமனைக் காத்திருப்பு நேரம். கை விரலில் எண்ணி முடிக்கலாம்.

படி 7: காசு, பட்டியல், கதவு

2004 முதல் கனடாவில் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பதை லிபரல் அரசே சட்டம் போட்டு இறுக்கியது. பெரிய நிறுவனங்களை நம்பிய லிபரல்களுக்கு அது சொந்தச் செலவில் வைத்த சூனியம். ரிஃபோர்ம் காலத்திலிருந்தே தேவாலய உண்டியல் மாதிரி இருபது, ஐம்பது என்று சேர்த்துப் பழகியவர்கள் கொன்சவேட்டிவ்கள். வரிக்கழிவும் உதவியது: முதல் 400 டொலர் நன்கொடையில் 75 வீதம் திரும்பக் கிடைக்கும், ஆகவே 100 டொலர் கொடுப்பவருக்கு உண்மையில் போவது 25தான். இந்தக் கணக்கைச் சொல்லிக் கேட்கத் தெரிந்தவன்தான் நிதி சேர்ப்பவன்.

கொடுத்தவர், மறுத்தவர், திட்டியவர் எல்லாரும் ஒரே கணினித் தரவுத்தளத்தில் ஏறினார்கள். கட்சியினர் அதைச் சிம்ஸ் என்று அழைத்தார்கள். கதவு தட்டப் போகும்போது கையில் இருக்கும் தாளும் அங்கிருந்தே வரும், திரும்ப அங்கேயே போகும்.

அந்தத் தாளின் அருமை எனக்கு ஸ்காபரோவில் ஒரு மாலை விளங்கியது. வேறொரு கட்சிக்காகப் போயிருந்தேன், எது என்று சொல்லப் போவதில்லை. கதவைத் திறந்த அம்மா, "வாங்கோ தம்பி, நீங்கள் எங்கட ஆக்கள்தானே, யோசியாதேங்கோ" என்று தேத்தண்ணி வேறு தந்தார். நான் பெயருக்கு எதிரே '1' போட்டேன், உறுதியான ஆதரவு என்று பொருள். பொறுப்பாக இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "வாக்குப் போடுறன் எண்டு சொன்னவவா?" என்றார். இல்லை. "அப்ப மூண்டு. தேத்தண்ணிக்கு நம்பர் இல்லை." நம்மவர் வீட்டில் 'யோசியாதேங்கோ' என்பது கதவை மரியாதையாகச் சாத்தும் முறை. பத்துக் கட்சிக்கும் அதையே சொல்வார்கள்.

தேர்தல் நாளில் யார் யார் வந்து வாக்களித்துவிட்டார்கள் என்பது 'பிங்கோ தாள்' என்று நாங்கள் சொல்லும் பட்டியலாகச் சாவடியிலிருந்து வந்துகொண்டிருக்கும். '1' போட்டவரில் இன்னும் வராதவருக்கு அழைப்பு, கார், தேவைப்பட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். தாளில் பொய் எண் இருந்தால் எதிர்க்கட்சிக்காரரைச் சாவடிக்கு ஏற்றிப் போவீர்கள்.

படி 8: வராதவர் வீட்டுக்குப் போங்கள்

2006இல் ஆட்சி வந்தும் ரொறன்ரோ, மொன்றியல், வன்கூவர் நகரங்களுக்குள் ஓர் இருக்கைகூட இல்லை. குடிவரவாளர் வாக்கு பரம்பரையாக லிபரலுக்கு. கட்சி எம்.பி.யும் பின்னர் குடிவரவு அமைச்சருமான ஜேசன் கென்னி அந்தச் சுவரை இடிக்க வருடக்கணக்கில் கோயில், குருத்வாரா, சீனப் புத்தாண்டு விருந்து என்று அலைந்தார். எத்தனை விருந்தில் எத்தனை கறி சாப்பிட்டார் என்று கேலிப் பெயரே வந்தது. வெறும் விருந்தோடு நிற்கவில்லை. புதிதாய் வருவோர் கட்ட வேண்டிய நிரந்தர வதிவிடக் கட்டணத்தை 975 டொலரிலிருந்து 490 ஆகக் குறைத்தார்கள். சீனர்மீது ஒருகாலத்தில் விதித்த தலைவரிக்காக 2006 ஜூனில் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2011இல் பிரம்டனிலும் மிசிசாகாவிலும், ரொறன்ரோ நகருக்குள்ளேயும் தொகுதிகள் கைக்கு வந்தன. ஒன்ராறியோவில் 106இல் 73.

இந்தக் கணக்கில் தமிழர் இருக்கவில்லை. அதே அரசுதான் 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகளைத் தடைசெய்தது; 2010இல் 492 தமிழரோடு சன் சீ கப்பல் வந்தபோது அகதிச் சட்டத்தை இறுக்கப் புறப்பட்டது. 2011இல் ஸ்காபரோ ரூஜ் ரிவரில் ராதிகா சிற்சபைஈசன் புதிய ஜனநாயகக் கட்சியான என்.டி.பி. சார்பில் வென்று கனடாவின் முதல் தமிழ் எம்.பி. ஆனார். எல்லாச் சமூகத்தையும் வெல்ல அவர்கள் முயலவில்லை, சில சமூகங்களைத் தெரிந்தெடுத்தார்கள். பின்னர் கொழும்பில் நடந்த 2013 பொதுநலவாய மாநாட்டை ஹார்ப்பர் புறக்கணித்தார். 2018 ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் லோகன் கணபதி, விஜய் தணிகாசலம் இருவரும் கொன்சவேட்டிவ் பக்கம் நின்று வென்றார்கள். கதவு மெல்லத்தான் திறந்தது.

படி 9: எதிராளியை முந்திக்கொண்டு வரையுங்கள், சட்டக் கோட்டைத் தாண்டாதீர்கள்

லிபரல் தலைவராக ஸ்ரெபான் டியோன் வந்த சில வாரத்தில், தேர்தலே இல்லாத 2007 தொடக்கத்தில், அவர் தலைவருக்கு லாயக்கில்லை என்று விளம்பரம் ஓடியது. அவருக்குப் பின் தலைவராக மைக்கேல் இக்நாட்டியெஃப் வந்தபோது, வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு எட்டிப் பார்க்க வந்தவர் என்ற முத்திரை. மக்கள் ஒருவரைப் பற்றி முதலில் கேட்டதைத்தான் நம்புவார்கள். கசப்பான உண்மை.

கோடு தாண்டியதும் நடந்தது. 2006இல் சட்ட வரம்பை மிஞ்சிய விளம்பரச் செலவைத் தொகுதிக் கணக்குகளுக்குள் சுற்றிவிட்டதற்காகக் கட்சி 2011இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 52,000 டொலர் தண்டம் கட்டியது. 2011 தேர்தலில் குவெல்ப் நகர வாக்காளருக்குப் பொய்யான சாவடி இடம் சொன்ன தானியங்கி அழைப்புகளுக்காகப் பிறகு கட்சித் தொண்டர் ஒருவர் சிறைத்தண்டனை பெற்றார். இதைத் தந்திரம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அவரைப் பிரசார அலுவலகத்துக்குள் விடாதீர்கள்.

படி 10: மற்ற வீட்டிலும் சண்டை இருக்கிறதா என்று பாருங்கள்

2011இல் 39.6 வீத வாக்குக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைத்தது, ஏனென்றால் எதிர்ப்பு வாக்கு என்.டி.பி.க்கு 30.6, லிபரலுக்கு 18.9 என்று உடைந்தது. 1990களில் இவர்களுக்கு நடந்தது இப்போது அவர்களுக்கு. 2015இல் அந்த உடைவு ஒட்டிக்கொண்டது. முஸ்லிம் பெண்களின் முகத்திரையையும் 'காட்டுமிராண்டிக் கலாசாரப் பழக்கங்களை' முறையிடும் தொலைபேசி இலக்கத்தையும் பிடித்துக்கொண்டு பிரசாரம் செய்த ஹார்ப்பர், கென்னி வருடக்கணக்கில் சாப்பிட்டுச் சேர்த்த வாக்கையும் இழந்து 99 இருக்கையோடு போனார்.

2025 ஏப்ரல் 28 இன்னும் விசித்திரம். பியேர் பொலியேவ் தலைமையில் கட்சிக்கு 41.3 வீதம், ஹார்ப்பர் ஒருபோதும் எட்டாத அளவு. கிடைத்தது 144 இருக்கை, லிபரல்களுக்கு 169. அன்றைய லிபரல் பிரதமர் ட்ரூடோவையும் கார்பன் வரியையும் குறிவைத்தே இரண்டு வருடம் உழைத்திருந்தார்கள். ட்ரூடோ விலகினார், புதிதாக வந்த மார்க் கார்னி நுகர்வோர் கார்பன் வரியைப் பூச்சியமாக்கினார். சுவரொட்டி இருந்தது, ஒட்டச் சுவர் இல்லை. என்.டி.பி. 6.3 வீதத்துக்குச் சரிந்ததால் எதிர்ப்பக்கம் ஒரே வீடாகிவிட்டது. இந்தப் பக்கமோ, இரண்டு மாதம் முன்னர்தான் ஒன்ராறியோவில் பெரும்பான்மை வென்ற மாகாணக் கொன்சவேட்டிவ் தலைவர் டக் ஃபோர்ட்டின் ஆட்கள், பொலியேவின் பிரசாரம் பிழையான பாதையில் போகிறது என்று வாக்களிப்புக்கு முன்னரே பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு பொலியேவ் தன் சொந்தக் கார்ல்ற்றன் தொகுதியையும் இழந்தார். அது ஒன்ராறியோவில்தான் இருக்கிறது.